கண்ணுக்குள் அடைபட்ட நாளமும் நாங்கள் தேடிய ஒப்பரேஷனும்

அப்பாவின் இடக்கண்ணில் விழித்திரை நாளம் அடைபட்டிருக்கிறது என்று தெரியவந்த அன்றிரவே எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "அடைப்பை எடுக்கிற ஒப்பரேஷன் இல்லையோ?" ரொறன்ரோவில் இருக்கும் சின்ன மாமா கேட்டார். லண்டன் மச்சாள் கேட்டா. பலாலியில் ஏறினால் சென்னை, அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரிகள் இருக்கு, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ என்றார்கள். நெஞ்சில் அடைப்பு வந்தால் கையாலோ தொடையாலோ வயர் விட்டு ஸ்டென்ட் வைக்கிறார்கள். கண்ணில் மட்டும் ஏன் முடியாது? நியாயமான கேள்வி.

அதற்கு விடை தேடி வாசித்ததையும், கிளினிக்கில் டொக்டரைக் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். இந்த வருத்தம் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆறுதலாக இருந்து தமிழில் வாசிக்கத்தான் எனக்கு அதிகம் அகப்படவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கியது 19ஆம் நூற்றாண்டில். அதே மண்ணில் ஒரு பிள்ளை தகப்பனின் வருத்தத்தைத் தன் மொழியில் வாசித்தறிய இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அப்பாவுக்கு நோவு இல்லை, கண் சிவக்கவில்லை. விடியப்புறம் நீர்வேலித் தோட்டத்தில் நின்றவருக்கு வலக்கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. அதைப் பொத்திக் கசக்கும்போதுதான், முன்னால் தொங்கும் வாழைக்குலை இடக்கண்ணுக்குத் தெரியவில்லை என்று கண்டிருக்கிறார். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண் கெட்டது பல பேருக்குத் தெரிவதே இல்லை.

கிளினிக்கில் துளி மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்த்தார்கள், படமும் எடுத்தார்கள். டொக்டர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். செம்மஞ்சள் நிறமாக இருக்கவேண்டிய விழித்திரை முழுக்க இரத்தத் தீற்றுக்கள். பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தின் விளிம்பே தெரியவில்லை. நாளங்கள் தடித்து, வளைந்து வளைந்து கிடந்தன.

விழித்திரைக்கு இரத்தத்தைக் கொண்டுவருவது ஒரு மைய நாடி, திருப்பிக் கொண்டுபோவது ஒரு மைய நாளம். இரண்டும் பார்வை நரம்பின் நடுவால், கண்ணின் பின்சுவரில் உள்ள ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் அகலமான ஒரு வாசலைக் கடக்கின்றன. நரம்பு இழைகள் பத்து இலட்சத்துக்கு மேலே, அவையும் அதே வாசலால்தான் போகவேண்டும். அப்படி ஒரு நெரிசல். வயதாலும் பிரஷராலும் நாடியின் சுவர் தடித்து இறுகினால், ஒட்டிக்கிடக்கும் மெல்லிய நாளம் நெரிபடும். ஓட்டம் குழம்பி இரத்தம் உறையும். மைய நாளம் அடைபட்டால் விழித்திரை முழுவதும் பாதிக்கப்படும். கிளை நாளம் என்றால் அந்தக் கிளை வடிக்கும் பகுதி மட்டும்தான். கிளையில் அடைப்பு வருவது பெரும்பாலும் நாடியும் நாளமும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில். அந்த இடத்தில் இரண்டையும் சுற்றி ஒரே உறைதான் இருக்கும்.

இதையெல்லாம் டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப மெசின் இறைக்குது, வடியிற பக்கம் அடைச்சிட்டுது, பாத்திக்குள்ள தண்ணி நிக்குது. அப்பிடித்தானே?"

"அதேதான் ஐயா. தண்ணி நிக்கிற இடந்தான் உங்களுக்கு எழுத்து வாசிக்கிற இடம்."

அந்த இடத்துக்கு மஞ்சள் பொட்டு என்று பெயர். விழித்திரையின் தடிப்பை அளக்கும் ஓசிடி ஸ்கானில் அப்பாவின் மஞ்சள் பொட்டு 600 மைக்ரோனுக்கு (0.6 மில்லிமீற்றருக்கு) மேலே வீங்கியிருந்தது. சாதாரணமாக அதன் பாதியும் இருக்காது. பார்வையை மறைத்தது முக்கியமாக இந்த வீக்கம். அடைப்பு வேறு, அடைப்பால் வரும் வீக்கம் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சையின் முழுக்கதையும் அதில்தான் தங்கியிருக்கிறது.

கண்ணின் பின்புறம்வரை கருவிகள் போக வழி திறந்தவர் ரொபேர்ட் மாக்கெமர். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மயாமியில், கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் கண்ணாடியுடனீரைச் சிறு துளைகள் வழியாக வெட்டி உறிஞ்சி எடுக்கும் முறையை அவர் உருவாக்கினார். விற்றெக்டமி என்பது அதுதான். அதற்குப் பிறகு விழித்திரையைத் தொட்டு வேலை செய்யலாம் என்றாகிவிட்டது. நாளத்தையும் தொட்டுப் பார்த்தார்கள்.

கிளை நாளத்தில் அந்தக் கூட்டு உறையை வெட்டி நாடியை நாளத்தில் இருந்து தூக்கிவிட்டால் நெரிப்பு விலகும் என்று எண்ணினார்கள். 1988இல் ஒஸ்டர்லோ, சார்ள்ஸ் என்ற இருவர் அதைச் செய்து வெளியிட்டார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மக்அலிஸ்டரும் கொன்ஸ்டபிளும் வேறு வழியில் போனார்கள். பலமான லேசரால் நாளத்தின் சுவரையும் அதற்குக் கீழே இருக்கும் படலத்தையும் துளைத்து, இரத்தத்தை விழித்திரைக்கு அடியில் உள்ள குருதிக்கலன் படைக்குள் திருப்பிவிடும் மாற்றுப்பாதை அது. 1995இல் வெளிவந்தது. பாதை திறந்த கண்கள் உண்டு, திறக்காத கண்களும் உண்டு. சிலவற்றில் துளைத்த இடத்திலேயே இரத்தம் கசிந்தது, தேவையில்லாத புதுக் குழாய்கள் முளைத்தன. ஜெஃப்ரி வைஸ் இன்னும் துணிந்தார். 0.1 மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள விழித்திரை நாளத்துக்குள் நேரே ஊசியை ஏற்றி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினார். அது 1990களின் கடைசி. மனிதக் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் மூச்சு விடும்போது ஆடும். அந்த ஆட்டமே நாளத்தின் தடிப்பை விடக் கூடப் போகலாம்.

லண்டன் மச்சாள் ஒரு கட்டுரையும் அனுப்பியிருந்தா. அது இன்னொரு ஒப்பரேஷனைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இணையத்தில் தேடுபவர்கள் முதலில் போய் விழுவது இதில்தான். ரேடியல் ஒப்டிக் நியூரோட்டமி. 2001இல் மிற்செல் ஒப்ரெம்காக் என்ற அமெரிக்க நிபுணர் 11 பேரில் செய்து எழுதினார். அவருடைய எண்ணம் இது: வாசல் ஒடுக்கமாக இருப்பதால்தானே நெரிசல், வாசலையே கீறி அகலமாக்கினால் என்ன? முதலில் விற்றெக்டமி. பிறகு மிகச் சிறிய கூர்க்கத்தியைக் கண்ணுக்குள் விட்டு, பார்வை நரம்பு வட்டத்தின் மூக்குப் பக்க விளிம்பில், இரத்தக் குழாய்களில் படாமல், ஆரவாக்கில் ஒரு குத்து. மூக்குப் பக்கத்தைத் தெரிந்ததற்குக் காரணம், மஞ்சள் பொட்டில் இருந்து வரும் இழைகள் மற்றப் பக்கத்தால் நுழைவது. கத்தி நுழைவது சில மில்லிமீற்றர் ஆழம். பக்கத்திலேயே மைய நாடி.

அந்த 11 பேரில் பெரும்பாலானோருக்குப் பார்வை கூடியது என்று எழுதியிருந்தார். வேறு நாடுகளிலும் செய்யத் தொடங்கினார்கள். பலமாக எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சோகன் சிங் ஹெய்றே. பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவின் அயோவாவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கண்ணின் இரத்த ஓட்டத்தை ஆராய்வதில் செலவழித்த மனிதர். அவர் சொன்னது எளிமையானது. அடைப்பு பெரும்பாலும் அந்த வாசலில் இல்லை, அதற்குப் பின்னால் நரம்புக்குள்ளே இருக்கிறது. எந்த இடத்தில் என்பதும் ஆளுக்காள் மாறும். அப்படியிருக்க வாசலைக் கீறி என்ன பயன்? கீறும் இடத்தில் நரம்பு இழைகள் அறுபடும், அறுபட்ட இழை திரும்ப வளராது. சத்திரசிகிச்சை செய்த சிலருக்குப் பார்வைப் புலத்தின் ஒரு பக்கம் அழிந்ததையும் பின்னர் வந்த கட்டுரைகள் பதிவுசெய்தன.

அவருடைய இன்னொரு வாதம் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பார்வை ஓரளவு தானாகத் திரும்பும். உடம்பே சிறு பக்க நாளங்களை உண்டாக்கி இரத்தத்துக்கு வேறு வழி காட்டும். அப்படியானால், ஒப்பரேஷன் செய்த 11 பேருக்குப் பக்கத்தில் செய்யாத 11 பேரையும் வைத்துப் பார்க்காமல், கூடியது கத்தியால் என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டில் இருந்து உறவுகள் அன்போடு அனுப்பும் எந்த மருத்துவக் கட்டுரையிலும் இப்போது நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்து ஆட்களைத்தான்.

நேர்மையாகச் சொன்னால் கதை அங்கே முடியவில்லை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருந்து வழிநடத்தப்பட்ட ஓர் ஆய்வு பிறகு அந்த ஒப்பீட்டைச் செய்தது. ஒரு பகுதியினருக்கு இந்த ஒப்பரேஷன், ஒரு பகுதியினருக்குக் கண்ணுக்குள் ஸ்டீரொயிட் ஊசி, மிச்சப்பேருக்குச் சிகிச்சை போன்ற பாவனை மட்டும். 2013இல் வெளிவந்த முடிவில் ஒப்பரேஷன் செய்தவர்கள் மற்றவர்களை விட மேலாக இருந்தார்கள். ஒப்ரெம்காக் வெறும் கற்பனையில் இருக்கவில்லை. ஆனால் அதற்குள் வைத்திய உலகம் வேறு பக்கம் போய்விட்டது.

அந்த மாற்றம் தொடங்கியது 2005இல், மாக்கெமர் வேலைசெய்த அதே மயாமிக் கண் ஆஸ்பத்திரியில். குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் அவாஸ்டின் என்ற மருந்தில் ஒரு துளியை, பிலிப் ரோசன்ஃபெல்ட் மைய நாளம் அடைபட்ட ஒருவரின் கண்ணுக்குள் செலுத்தினார். இரத்தம் சரியாக ஓடாத விழித்திரை வீ.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது. குழாய்களைக் கசியவைப்பதும், கண்ட இடத்தில் புதுக் குழாய்களை முளைக்கவைப்பதும் அதன் வேலை. அவாஸ்டின் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கிவிடும். வீக்கம் வற்றியது. நாளம் அடைபட்டபடியேதான் இருந்தது, பார்வை திரும்பியது.

பிறகு அதே குடும்பத்து மருந்தான ரனிபிசுமாப்பை வைத்து 392 பேரில் குறூஸ் என்ற ஆய்வு நடந்து 2010இல் முடிவு வந்தது. மாதம் ஒரு ஊசி போட்டவர்கள் ஆறு மாதத்தில் பார்வைப் பலகையில் சராசரி 14.9 எழுத்து கூடுதலாக வாசித்தார்கள். ஊசி போடாதவர்களுக்குக் கூடியது 0.8. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கும் ஊசி கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்கள் எட்டியது 7.3 எழுத்து, தொடக்கத்தில் இருந்தே போட்டவர்கள் 13.9இல் நின்றார்கள். பிந்தி வந்தவர்கள் முந்தி வந்தவர்களைப் பிடிக்கவே இல்லை.

சின்ன மாமாவுக்குத் தொலைபேசியில் நான் வாசித்துக் காட்டியது இந்த இரண்டு இலக்கங்களைத்தான். அடைப்பை எடுக்கும் ஒப்பரேஷனைத் தேடி, பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, டிக்கெட் போட்டு, அங்கே வரிசையில் நின்று, அவர்களும் கடைசியில் "ஊசிதான்" என்று சொல்லும்வரைக்கும் போகும் கிழமைகள் அப்பாவின் கண்ணில் இருந்துதான் கழியும். தண்ணீர் தேங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மஞ்சள் பொட்டில் இருக்கும் கலங்கள் அழிகின்றன. எங்கள் கிளினிக்கிலேயே தொடங்குவோம் என்று சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "சரி பிள்ளை, நீ சொல்லுறபடி செய்வம்" என்றார்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் எல்லாருக்கும் உடம்பு கூசும். அப்பாவுக்கும் கூசியது. முதல் நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் பார்த்தேன். விறைக்க மருந்து விட்டு, மண்ணிறமான அயடீன் கரைசலால் இமையையும் கண்ணையும் கழுவினார்கள். அது எரியும், ஆனால் கிருமி உள்ளே போகாமல் இருக்க அதுதான் காவல். இமைகளை விரித்துப் பிடிக்க ஒரு கம்பிக் கவ்வி. பிறகு கருவிழியின் விளிம்பில் இருந்து 4 மில்லிமீற்றர் தள்ளி அளந்து ஒரு சிறு அடையாளம். அதற்கு முன்னால் குத்தினால் வில்லை, பின்னால் குத்தினால் விழித்திரை. "கீழ பாருங்கோ ஐயா, அசையாதேங்கோ." ஊசி போனதும் வந்ததும் தெரியவில்லை. உள்ளே போன மருந்து 0.05 மில்லிலீற்றர். உடனே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார்கள், அப்பா சொன்னார். வெளியே வந்தவர் "எறும்பு கடிச்ச அளவும் இல்லை, அந்த மருந்தாலதான் எரியுது" என்றார். பயந்துகொண்டு இருக்கும் பெற்றோரை வைத்திருப்பவர்கள் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கடினமான பகுதி ஊசியில் இல்லை, திகதியில் இருக்கிறது. மருந்து ஒரு மாதமளவில் கரைந்துவிடும், வீக்கம் திரும்பும், திரும்ப ஊசி. பிறகு மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டுவார்கள். எங்கள் ஊரில் ஒரு மாதம் என்பது வெறும் மாதமா? செத்தவீடு வரும், பூப்புனித நீராட்டு விழா வரும், குலை வெட்டு வரும். நல்லூர்க் கொடி ஏறிவிட்டால் 25 நாளும் அப்பா வேறு எதையும் நினைக்கமாட்டார். தேருக்கு முதல் நாள் கிளினிக் திகதி விழுந்தபோது "அடுத்த முறை போவம்" என்றார். நான் விடவில்லை. கந்தன் கோபிக்கமாட்டார், மஞ்சள் பொட்டு பொறுக்காது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். பார்வை ஓரளவு திரும்பிய உடனே பலர் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள் என்று தாதி ஒருவர் சொல்லிக் கவலைப்பட்டார். ஒப்பரேஷன் என்றால் குடும்பமே திரண்டு வரும், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வரும். ஊசிக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை. ஆனால் ஒப்பரேஷனுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இந்த ஊசித் திகதிக்கும் கொடுத்தால் எத்தனை கண்கள் மிஞ்சும்!

அப்படியென்றால் கத்திக்கு இடமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். சில கண்களில் நாளம் அடைபட்டதோடு விழித்திரைக்கு இரத்தமே போகாமல் வரண்டுவிடும். முதலில் அப்படி இல்லாத கண்களிலும் மூன்று வருடத்துக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அந்த நிலைக்குப் போகும் என்பது 1990களில் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்கு. அப்போது புதுக் குழாய்கள் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் நிறத்திரையில் முளைத்து, கண்ணுக்குள்ளே ஊறும் நீர் வடியும் வழியை மூடிவிடும். கண் அழுத்தம் ஏறும். பழைய வைத்தியர்கள் இதை நூறு நாள் குளுக்கோமா என்பார்கள், அடைப்பு வந்து மூன்று மாதமளவில் தலைகாட்டுவதால். இதற்கு விழித்திரையின் ஓரமெல்லாம் லேசர் போடவேண்டும், ஊசியும் வேண்டும். அடங்காவிட்டால் நீர் வடிய வழி செய்யும் சத்திரசிகிச்சை. புதுக் குழாய் வெடித்துக் கண்ணுக்குள் இரத்தம் நிரம்பி, தானாக வடியாமல் நின்றாலும் விற்றெக்டமிதான். இந்த இடங்களில் டொக்டர் ஒப்பரேஷன் என்று சொன்னால் ஊசியோடு நிற்போம் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. ஊசி போட்டுவந்த கண்ணோ அடைபட்ட கண்ணோ நோவோடு சிவந்து பார்வையும் குறைந்தால், கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாளத்தையே திறக்கும் கனவை நிபுணர்கள் கைவிடவும் இல்லை. 2017இல் பெல்ஜியத்தின் லூவனில், கை நடுக்கத்தை வடிகட்டும் ரோபோ ஒன்றின் துணையோடு, 0.03 மில்லிமீற்றர் ஊசியை ஒரு நோயாளியின் விழித்திரை நாளத்துக்குள் விட்டு, பத்து நிமிடம் அசையாமல் பிடித்து, கட்டி கரைக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். வைஸின் கை ஆடிய இடத்தில் ரோபோ ஆடாமல் நின்றது. செய்யமுடியும் என்று காட்டியாயிற்று. மாதாமாதம் வரத் தேவையில்லாத ஒரு சிகிச்சை அந்த வழியால் வருமானால் எங்களைப் போன்ற ஊர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும், பஸ் ஏறி வந்து வரிசையில் இருப்பவர்களுக்கு.

அப்பாவின் இடக்கண்ணால் இப்போது பேப்பரின் தலைப்புகளை வாசிக்கலாம். சிறு எழுத்தில் நடுவில் ஒரு எழுத்து உடைந்து தெரிகிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எங்களை அதிகம் எச்சரித்தது வலக்கண்ணைப் பற்றி. ஒரு கண்ணில் நாளம் அடைபட்டவருக்கு மற்றக் கண்ணிலும் வர இடமுண்டு, அதற்குக் காவல் பிரஷரும் சீனியும் கொழுப்பும் கட்டுக்குள் இருப்பதுதான். பிரஷர் குளிசையை விரத நாட்களில் விட்டுவிடும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமையும் போடுகிறார், பால் குடித்துவிட்டு. ஊசிக்கு இடைவெளி இரண்டு மாதமாகியிருக்கிறது, அடுத்த ஸ்கான் மாசியில்.